பதினொரு பேர், ஒரே மேசை: டோக்கியோவில் எந்த செயின் கடைக்குப் போவது?

போன ஏப்ரலில் அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து டோக்கியோவில் நாங்கள் இருக்கும் நிஷி கசாய்க்கு வந்திருந்தார்கள். அதே வாரம் நண்பன் தன் மனைவியையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து வந்தான். அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் இருக்கும் ஜப்பானியர், தானும் மனைவியும் என் பெற்றோரைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் ஒரு வேளை சேர்ந்து சாப்பிடலாம் என்று நினைத்தோம். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், அம்மா அப்பா, நண்பன் வீட்டில் மூவர், அலுவலக நண்பர் தம்பதி என்று எண்ணிப் பார்த்தால் பதினொரு பேர்.

பதினொரு பேருக்கும் பதினொரு வாய். அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். அப்பாவுக்கு மீன் உயிர், ஆனால் பச்சையாக வேண்டாம். நண்பனின் மனைவி முட்டை சாப்பிடுவார், கறி சாப்பிடமாட்டார். நண்பன் கோழியோடு நிறுத்திக்கொள்வான். மாடும் பன்றியும் கூடாது. அவன் தம்பி எதையும் ஒரு கை பார்ப்பான். பிள்ளைகளுக்கு ஒன்பது வயது, ஆறு வயது.

வீட்டிலேயே சமைத்துவிடலாம்தான். 2000க்குப் பிறகு ஐடி வேலைக்கு வந்த நம்மவர்கள் குடியேறிய பகுதி என்பதால் நிஷி கசாயில் இந்திய உணவகங்களுக்கும் குறைவில்லை. ஆனால் ஆறாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்த அம்மாவுக்கு மறுபடியும் இட்லியையே காட்டுவதா? இந்த ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு, அலுவலகத்தோடு எப்படி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதை அவரும் அந்த மேசையில் இருந்தே பார்க்க வேண்டும். அது பெரிய விலைக் கடையாக இருக்க வேண்டியதில்லை. ஊரெங்கும் கிளை பரப்பியிருக்கும் சாதாரண செயின் கடையில்தான் இந்த நாட்டு மக்கள் நாள்தோறும் கூடிச் சாப்பிடுகிறார்கள்.

இதை இவ்வளவு யோசித்ததற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு வருஷம் முன்பு அம்மா வந்திருந்தபோது ஓர் இஸகாயாவில், அதாவது குடியும் சிறு தட்டுச் சாப்பாடும் சேர்ந்த கடையில், முன்பதிவு செய்தேன். போனிலேயே "ஒருவர் சைவம்" என்று சொல்லியும் இருந்தேன். சூடான தோஃபு, அதாவது சோயாப் பால் கட்டி, வந்தது. அதன் மேல் மரச்சீவல் மாதிரி மெல்லிய இழைகள், ஆவி பட்டு நெளிந்துகொண்டிருந்தன. "என்னடா இது, உயிரோட அசையுது?" என்று அம்மா கேட்டார். கட்சுவோபுஷி. சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கல்லாகக் காயவைத்துச் சீவுவது. தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்தவர்களுக்கு மாசிக் கருவாடு என்றால் சட்டென்று பிடிபடும், ஏறக்குறைய அதுவேதான். அன்றைக்கு அம்மா எடமாமே, அதாவது உப்புப் போட்டு அவித்த பச்சை சோயாக் காய், ஒரு கிண்ணம் மட்டும் சாப்பிட்டார். இரண்டு மணி நேரம் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இரவு பத்து மணிக்கு வீட்டில் தயிர்சாதம் பிசைந்து சாப்பிட்டார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் இந்த முறை கடைகளின் பெயரைப் பார்ப்பதற்கு முன் எனக்கு நானே சில கேள்விகளை வைத்துக்கொண்டேன். பதினொரு பேரும் ஒரே இடத்தில் உட்கார முடியுமா? அம்மா வயிறாரச் சாப்பிட மூன்று பண்டமாவது இருக்குமா? ஒருவர் தட்டில் இருப்பதை இன்னொருவர் எடுத்துச் சாப்பிட வழி உண்டா? பிள்ளைகள் ஒரு மணி நேரம் சலிக்காமல் இருப்பார்களா? தலைக்கு 2,000 யென்னுக்குள் முடியுமா? பட்டியலில் இருந்த ஒவ்வொரு வகையையும் இந்தக் கேள்விகளில் போட்டு உரசிப் பார்த்தேன்.

பிள்ளைகள் சொன்னது சுழலும் சூஷிக் கடை, சாதத்தின் மேல் மீன் வைத்த சூஷி பெல்ட்டில் வருவது. இதைக் கண்டுபிடித்தவர் ஷிராயிஷி யோஷியாகி. பீர் தொழிற்சாலையில் பாட்டில்கள் பெல்ட்டில் நகர்வதைப் பார்த்து, 1958இல் ஒசாகா பக்கத்தில் முதல் கடையைத் திறந்தார். அன்று அது கைவேலை நுணுக்கமான உணவைத் தொழிலாளிக்கும் கட்டுப்படியாகும் விலைக்குக் கொண்டுவந்தது. இன்று சுஷிரோ, குரா சூஷி போன்ற பெரிய செயின்களில் உட்கார்ந்தால் எல்லாம் தொடுதிரைதான். 2023 ஜனவரியில், பொது சோயா சாஸ் பாட்டிலை ஒருவன் நக்குவது போன்ற அருவருப்பான வீடியோக்கள் பரவிய பிறகு, சூஷியைத் திறந்தபடி சுற்றவிடுவதைப் பல கடைகள் நிறுத்திவிட்டன. இப்போது நாம் கேட்ட தட்டு மட்டும் நேராக நம் மேசைக்கு ஓடி வந்து நிற்கிறது. குரா சூஷி மட்டும் 2011 முதலே தட்டுக்கு மேல் மூடி போட்டுச் சுற்றவிடுகிறது.

பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. குரா சூஷியில் காலித் தட்டை மேசையோரத்துத் துவாரத்தில் போட வேண்டும். ஐந்து தட்டு சேர்ந்தால் திரையில் ஒரு விளையாட்டு ஓடும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு பொம்மை விழும். இதற்காகவே என் மகள் வெள்ளரிச் சூஷி நான்கு தட்டு சாப்பிட்டிருக்கிறாள். வாசாபி என்ற காரப் பச்சை விழுதை இப்போது தனிப் பொட்டலமாகத்தான் தருகிறார்கள், காரம் ஏறிக் குழந்தை அழும் கதை இல்லை. அப்பா போன்றவர்களுக்கும் சங்கடமில்லை: வதக்கிய சால்மன், வெந்த இறால், ஈல் மீன், மாவில் தோய்த்துப் பொரித்த டெம்புரா என்று பச்சையில்லாததே ஒரு பக்கம் முழுக்க இருக்கும். ஒன்றை மட்டும் புதிதாக வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேசையில் இருக்கும் கறுப்புப் பொத்தான் வைத்த குழாய் கை கழுவ அல்ல. பச்சைத் தேயிலைப் பொடியில் ஊற்ற வேண்டிய கொதிநீர் அதில் வரும். நண்பனின் தம்பி கையை நீட்டிவிட்டான். நல்லவேளை, என் மனைவி மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

சைவத்துக்கும் ஓரளவு வழி உண்டு. கப்பா மாகி என்கிற வெள்ளரிச் சுருள், புளிக்கவைத்த சோயா வைத்த நாட்டோ சுருள், எடமாமே, உருளை வறுவல், பழம், ஐஸ்கிரீம். ஆனால் இரண்டு இடத்தில் சறுக்கும். இனாரி என்று இனிப்பான தோஃபுத் தோலில் சாதம் அடைத்துத் தருவார்கள், பார்த்தால் முழுச் சைவம் போலிருக்கும். அந்தத் தோலை வேகவைக்கும் சாற்றில் பெரும்பாலும் மீன் இருக்கும். மேசையில் இருக்கும் சோயா சாஸிலும் மீன் சாறு கலந்த வகை உண்டு. தொட்டுக்கொள்ளாமல் வெள்ளரிச் சுருளை எத்தனை தின்ன முடியும்?

ஆனால் என் கணக்கில் சூஷிக் கடை தோற்றது சாப்பாட்டினால் அல்ல, நாற்காலியினால். பெல்ட்டை ஒட்டி அடுக்கிய மேசைகளில் ஒன்றுக்கு நான்கு பேர், நெருக்கி உட்கார்ந்தால் ஆறு பேர். பதினொரு பேர் போனால் இரண்டாகப் பிரிப்பார்கள், அந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும் என்று உறுதி இல்லை. ஒருமுறை எட்டுப் பேர் போய், மூன்று மேசை தள்ளி உட்கார்ந்து, போனில் பேசிக்கொண்டு சாப்பிட்டோம். போதாக்குறைக்கு எல்லோர் கண்ணும் திரையில். தட்டு வந்துகொண்டே இருக்கும், பேச்சு அறுந்துகொண்டே இருக்கும். ஆறு பேருக்குள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இங்கே போகலாம். அதற்கு மேல் என்றால் கூட்டுச் சாப்பாடு இரண்டு தனிச் சாப்பாடாகிவிடும்.

நண்பன் கேட்டது இஸகாயா. பழைய கசப்பு இருந்தாலும் அதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை, ஏனென்றால் ஜப்பானில் கூட்டம் என்றால் முதலில் நினைவுக்கு வருவதே அதுதான். எட்டுப் பேர், இருபது பேர் என்று உட்காரவே மேசை போட்டிருப்பார்கள். காலைத் தொங்கவிட்டு உட்காரக் குழி வெட்டிய தாழ்மேசை அறை கிடைத்தால் இன்னும் சுகம். தட்டுகள் நடுவில் வரும், எல்லோரும் பிட்டுப் பிட்டு எடுத்துக்கொள்வார்கள். நம் வீட்டுப் பந்தியில் இலைக்கு இலை கை நீட்டும் அந்த உரிமை இங்கே மட்டும்தான் தானாக வருகிறது. 2020 ஏப்ரலில் சட்டம் திருத்திய பிறகு பெரிய செயின்களில் புகை மூட்டமும் இல்லை.

அதிலும் கோழிக்கறி மட்டும் சாப்பிடும் தமிழர்களுக்கு, கோழித் துண்டுகளைக் குச்சியில் செருகிச் சுடும் யாகிதோரி செயின் ஒரு வரம். தொரிகிசோகுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1985இல் ஒசாகா பக்கம் தொடங்கியது. எந்தப் பண்டமும் ஒரே விலை என்பது அவர்கள் கொள்கை. 1989 முதல் 28 வருஷம் வரி நீங்கலாக 280 யென்னில் நிறுத்திவைத்து, 2017 அக்டோபரில்தான் 298 ஆக்கினார்கள். அதன் பிறகு படிப்படியாக ஏறியிருக்கிறது, ஆனாலும் ஒரே விலை என்பது மாறவில்லை. கூட்டமாகப் போகிறவனுக்கு இதன் அருமை தெரியும். யார் என்ன சொன்னாலும், எத்தனை தட்டு என்று எண்ணிப் பெருக்கினால் பில் கையில். ஒரு தட்டுக்கு இரண்டு பெரிய குச்சி, ஆளுக்கு ஒன்று. தொடைக்கறி, வெங்காயத்தாள் செருகியது, தோல், ஈரல் என்று பெரும்பாலும் கோழிதான்; மாடா பன்றியா என்று ஒவ்வொரு தட்டுக்கும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. "தாரே" என்றால் இனிப்புச் சாறு தடவியது, "ஷியோ" என்றால் வெறும் உப்பு. நம் நாக்குக்கு ஷியோதான். மேலே மிளகாய்ப்பொடி தூவிக்கொண்டால் நண்பன் நான்கு தட்டுக்கு மேல் போவான். முட்டைக்கோஸ் ஒரு தட்டு வாங்கினால் திரும்பத் திரும்பத் தருவார்கள்.

இஸகாயாக்களுக்கென்று சில வழக்கங்கள் உண்டு, அவை தெரியாமல் போனால் பில்லைப் பார்க்கும்போது மனம் சுருங்கும். பல கடைகளில் உட்கார்ந்ததும் நாம் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதாவது வைப்பார்கள். ஓதோஷி என்று பெயர், தலைக்கு 300, 400 யென் பில்லில் ஏறும். இருக்கைக் கட்டணம் மாதிரி. தொரிகிசோகுவில் அந்த வழக்கம் இல்லை. அடுத்தது நோமிஹோதாய், அதாவது இரண்டு மணி நேரம் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்ற ஏற்பாடு. மேசையில் ஒருவர் எடுத்தால் எல்லோரும் எடுக்க வேண்டும் என்பது பெரும்பாலான கடைகளின் விதி. எங்கள் பதினொரு பேரில் குடிப்பவர் மூவர். நண்பனின் தம்பிக்கு 19 வயது. ஜப்பானில் வயதுவந்தோர் வரம்பு 2022இல் 18 ஆகக் குறைந்தாலும் குடிக்க 20 ஆக வேண்டும். மூன்று பேர் பீருக்காக மற்றவர்கள் தலையில் கட்டணம் ஏற்றுவது சரியில்லை. முன்பதிவு செய்யும் கோர்ஸ் சாப்பாட்டிலும் இதே சிக்கல்தான்: பச்சை மீன் துண்டான சஷிமி, பொரித்த கோழி, ஒரு பானைக் குழம்பு, கடைசியில் சாதம் என்று வரிசை முடிவாகியிருக்கும், அதில் ஒருவருக்கு மட்டும் மாற்றித் தரச் செயின் கடைச் சமையலறையில் ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஜப்பானிய அலுவலகங்களில் இந்தத் தலைவலிக்கென்றே கான்ஜி என்று ஒருவரை நியமிப்பார்கள். கடை பிடிப்பது, எண்ணிக்கை சொல்வது, வாரிகான் என்று தலைக்குச் சமமாகப் பிரித்து வசூலிப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

சமமாகப் பிரிப்பது பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. எடமாமே மட்டும் சாப்பிட்டவரும் 3,500 யென், எட்டுக் குச்சி சாப்பிட்டவரும் 3,500 யென். ஜப்பானியர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை, அது அவர்கள் பழக்கம். ஆனால் சைவமானவர்களை அழைத்துப்போகும் நாம் அவர்கள் பங்கை எடுத்துக்கொள்ள வேண்டும், அதையும் அவர்களுக்குத் தெரியாமல் செய்ய வேண்டும்.

அலுவலக நண்பர்கள் மட்டும், அனைவரும் கோழி சாப்பிடுபவர்கள் என்றால் நான் யாகிதோரி கடைக்குத்தான் போவேன். அம்மா இருக்கும் கூட்டத்துக்கு? பச்சை மிளகாய் இனத்துக் காயும் காளானும் சுட்டுத் தருவார்கள்தான், கோழி சுடும் அதே கம்பிமேல். அதைச் சொல்லாமல் அம்மாவுக்குக் கொடுக்க என்னால் முடியாது.

இங்கே சைவம் பற்றித் தனியாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஜப்பான் வரும் நம்மவர்கள் பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். கறி கண்ணுக்குத் தெரியாவிட்டால் சைவம் என்று நினைத்துவிடுகிறோம். இங்கே சாம்பார்ப் பொடிக்கு நிகரான இடத்தில் இருப்பது தாஷி என்ற சாறு. கொம்பு என்ற கடற்பாசியில் எடுப்பதும் உண்டு, ஆனால் பெரும்பாலும் கட்சுவோபுஷி சேர்ந்திருக்கும். சோயா விழுதில் செய்யும் மிசோ சூப், உடோன் நூடுல்ஸ் குழம்பு, டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்வது, அவித்த காய், சில ஊறுகாய் எல்லாவற்றிலும் அது ஒளிந்திருக்கும். பெரிய செயின்கள் பெரும்பாலும் இணையத்தில் அலர்ஜி அட்டவணை போட்டிருக்கின்றன.   மாடு, பன்றி, கோழி, முட்டை, பால், ஜெலட்டின் எல்லாம் அதில் உண்டு. மீனில் சால்மனும் கானாங்கெளுத்தியும் உண்டு. ஆனால் சூரை இல்லை. அதாவது மிசோ சூப்புக்கு நேரே எல்லாக் கட்டமும் வெறுமையாக இருந்தாலும் அதில் மீன் இருக்கலாம். முன்பு நான் தவறியதும் இதில்தான். அட்டவணையில் கறியும் முட்டையும் பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் வாயால் "கட்சுவோ தாஷி ஹைத்தே இமாசு கா?" என்று கேட்டே ஆக வேண்டும். சூரைச் சாறு சேர்ந்திருக்கிறதா என்று அர்த்தம். "நான் சைவம்" என்று சொல்வதால் பயன் குறைவு. பலருக்கு அது கறி வேண்டாம் என்று மட்டும்தான் படும்.

மற்ற வகைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ராமென் என்ற நூடுல்ஸ் கடைகளில் பெரும்பாலும் கவுண்டர் இருக்கை, சூடாகத் தின்றுவிட்டு எழுந்து இடம் விட வேண்டும், கூட்டத்துக்கு ஒத்துவராது. யாகினிகு என்ற கறி சுடும் கடையில் மாடுதான் பிரதானம். யோஷினோயா போன்ற மாட்டுக்கறிச் சாதக் கடைகளும் அப்படியே.

கொதிக்கும் சாற்றில் கறியையும் காயையும் நாமே முக்கி வேகவைத்துச் சாப்பிடும் ஷாபுஷாபு கொஞ்சம் யோசிக்க வைத்தது. ஷாபுயோ போன்ற கடைகளில் மேசை நடுவே இரண்டாகத் தடுத்த பானை, ஒவ்வொரு பக்கமும் ஒரு சாறு, காய்கறி எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிவரலாம். காளான், கீரை, கேரட், தோஃபு என்று அம்மாவுக்கு அது ஒரு காய்கறிச் சந்தை. பிள்ளைகள் தாங்களே வாஃபிள் சுட்டு, ஐஸ்கிரீம் பிழிந்துகொள்ளலாம். தடுப்பின் ஒரு பக்கத்தைக் கடற்பாசிச் சாறு என்று வைத்துக்கொண்டால் சைவப் பானை ஒன்று தயார், அந்தச் சாற்றில் மீன் இல்லை என்று கடையில் உறுதி சொன்னால். சிக்கல் என்னவென்றால் நான்கைந்து பேருக்கு ஒரு பானை. ஒரே கரண்டி இரண்டு பக்கமும் போகாமல் காவல் காக்க வேண்டும். ஆறு வயதுக்காரி அருகில் இருக்கும் மேசையில் அது நடக்காது. மேசையில் எல்லோரும் ஒரே கோர்ஸ் எடுக்க வேண்டும் என்பதால் காய் மட்டும் சாப்பிடுபவருக்கும் கறி விலை. பெரியவர்கள் மட்டும் ஐந்தாறு பேர், அதில் பாதி சைவம் என்றால் இதை நான் முதலில் வைப்பேன்.

கோகோ இச்சிபான்யாவையும் விட்டுவிடக்கூடாது. 1978இல் நகோயா பக்கம் பிறந்த கறிக்குழம்பு செயின். சாதத்தின் அளவு, காரத்தின் அளவு, மேலே என்ன போட வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொல்லலாம். வழக்கமான குழம்பில் பன்றி உண்டு. விலங்குப் பொருள் சேர்க்காத காய்கறிக் குழம்பு பல கிளைகளில் தனியாகக் கிடைக்கும். ஹலால் பார்ப்பவர்களுக்கு அகிஹாபாராவில் 2017இல் தனிக் கிளையே திறந்தார்கள். இஸ்லாமிய நண்பர்கள் கூட்டத்தில் இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், ஏனென்றால் மற்ற கடைகளில் சாஸுகளில் மிரின், சாக்கே என்று சாராயம் சேர்ந்துவிடும். ஆனால் கிளைகள் பெரும்பாலும் சின்னவை, ஆளுக்கொரு தட்டு, பகிர ஒன்றுமில்லை. மூன்று நான்கு பேர் மதியத்தில் நிம்மதியாகச் சாப்பிட நல்ல இடம்.

கடைசியாக ஃபாமிரெசு. ஃபேமிலி ரெஸ்டாரண்ட் என்பதை ஜப்பானியர்கள் சுருக்கியது இது. 1970இல் டோக்கியோவின் மேற்குப் புறநகரில் ஸ்கைலார்க் முதல் கடையைத் திறந்தது. கார் வாங்கத் தொடங்கிய நடுத்தரக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை போன இடம். இன்று அதன் கஸ்டோ கடைகளில் பூனை முகம் வைத்த ரோபோ சாப்பாட்டைச் சுமந்துகொண்டு வருகிறது. 1967இல் சிபாவின் இச்சிகாவாவில் தொடங்கிய சைசேரியாவும் இந்த வகைதான், இத்தாலியச் சாயலோடு. சூஷி இல்லை, தாழ்மேசை இல்லை, இதுவா ஜப்பானியச் சாப்பாடு என்று நண்பன் முகம் சுளித்தான். சைசேரியாவில் 300 யென்னுக்குக் கிடைக்கும் டோரியா இத்தாலியில் கிடையாது என்று சொன்னேன். சாதத்தின் மேல் வெள்ளைச் சாறு ஊற்றிச் சுடும் அந்தப் பண்டம் 1930 வாக்கில் யோகொஹாமாவின் ஹோட்டல் நியூ கிராண்டில் உருவானது. வெளியிலிருந்து வந்ததைத் தன் நாக்குக்கு வளைத்துக்கொண்ட ஜப்பானைப் பார்க்க ஃபாமிரெசுதான் சரியான இடம். பள்ளி விட்ட பிள்ளைகள், தனியாகச் செய்தித்தாள் படிக்கும் தாத்தா, குழந்தைகளோடு தாய்மார்கள் என்று ஊரே அங்கே உட்கார்ந்திருக்கிறது.

என் கேள்விகளுக்கு இது எப்படி நின்றது? அம்மாவுக்கு: சாதம், சோளம், உருளை வறுவல், தக்காளியும் சீஸும் மட்டும் போட்ட பீட்சா, பூண்டும் மிளகாயும் எண்ணெயுமாகப் புரட்டிய பாஸ்தா. பாஸ்தா போன்றவற்றில் இறைச்சிச் சாறு சேர்ந்திருக்கலாம் என்பதால் அட்டவணையில் கோழி, மாடு, பன்றி மூன்றையும் முந்தைய இரவே பார்த்து வைத்தேன். மேற்கத்திய வகைகளில் மீன் சாறு அபாயம் குறைவு என்பது இங்கே பெரிய ஆறுதல். அப்பாவுக்கு சுட்ட மீன், சாதம். நண்பனுக்குக் கோழி; அவனிடம் ஹம்பாகு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவைத்தேன், மாடும் பன்றியும் சேர்த்து அரைத்து உருட்டுவது அது. பிள்ளைகளுக்குப் பொம்மையோடு சிறுவர் தட்டு. எல்லோருக்கும் ட்ரிங்க் பார், ஒரு முறை காசு கொடுத்தால் தேநீர், காபி, பழச்சாறு என்று போய்ப் போய் நிரப்பிக்கொள்ளலாம். பில்லைத் தனித்தனியாகக் கட்டவும் பல கிளைகளில் விடுகிறார்கள், "பெட்சு பெட்சு தே" என்றால் போதும்.

குறை இல்லாமல் இல்லை. இஸகாயாவில் வரும் அந்த ஆரவாரம் இங்கே வராது. ஆளுக்கொரு தட்டு வாங்கும் பழக்கத்தை நாம்தான் உடைக்க வேண்டும். ஞாயிறு மதியம் பன்னிரண்டரைக்குப் போனால் வாசலில் பெயர் எழுதிவிட்டு முக்கால் மணி காத்திருக்க வேண்டும். முன்பதிவே எடுக்காத செயின்களும் உண்டு. ருசியில் யாகிதோரிக்கோ நல்ல சூஷிக்கோ இது ஈடாகாது, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

இருந்தும் ஃபாமிரெசையே தேர்ந்தெடுத்தேன். மற்ற எல்லா இடத்திலும் யாராவது ஒருவர் விருந்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. இங்கே மட்டும் பதினொரு பேருக்கும் வாயில் வைக்க ஏதோ ஒன்று இருந்தது. அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் சூஷி ஆசை தீர வேண்டுமே என்று செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து பேராகத் தனியே போய்வந்தோம். நண்பனையும் அலுவலக நண்பரையும் ஓர் இரவு யாகிதோரிக்கு அழைத்துப் போனேன்.

நீங்கள் பத்துப் பேருக்கு மேல் போவதாக இருந்தால் சில விஷயங்கள். சனி, ஞாயிறு என்றால் காலை பத்தரை அல்லது மதியம் இரண்டரை. முந்தைய நாள் நேரில் போய் எத்தனை பேர் என்று சொல்லி, எந்த மேசைகளைச் சேர்ப்பார்கள் என்று பார்த்துவிடுங்கள். நாங்கள் போன கிளையில் ஆறு பேர் மேசை இரண்டை ஒட்டிப்போட்டுத் தந்தார்கள். சைவம் சாப்பிடுபவரை ஓரத்தில் உட்கார வைக்காதீர்கள். அவருக்கான தட்டுகளை முதலில் சொல்லுங்கள், கடைசியில் அல்ல. செயின் கடையில் சமைத்த வரிசையில்தான் வரும், மற்றவர்கள் பாதி முடித்த பிறகு அவருக்கு வருவது நல்லதில்லை. சேவைக் கட்டணம், டிப்ஸ் எதுவும் கிடையாது. 2021 ஏப்ரலிலிருந்து வரி சேர்ந்த விலையைக் காட்டியாக வேண்டும் என்பதால் மெனுவில் பெரிய எழுத்தில் வரி நீங்கலான விலை இருந்தாலும் பக்கத்திலேயே சேர்த்த விலையும் இருக்கும், அதை வைத்தே கூட்டுங்கள். எங்களுக்குப் பதினொரு பேருக்கும் 14,000 யென்னைத் தாண்டவில்லை. வீட்டிலிருந்து சாப்பாடு எடுத்துப்போய்க் கடையில் பிரிக்கக்கூடாது, கைக்குழந்தை உணவு மட்டும் பரவாயில்லை. அம்மா தன் பையில் எவர்சில்வர் டப்பாவில் தயிர்சாதம் கொண்டுவந்திருந்தார், போன முறையை மனதில் வைத்து. நான் ஒன்றும் சொல்லவில்லை.

பீட்சாக்களை நடுவில் வைக்கச் சொன்னேன். அலுவலக நண்பரின் மனைவி சக்கரக் கத்தியால் நறுக்கி முதல் துண்டை அம்மாவுக்குத் தந்தார். அம்மா அதன் மேல் மிளகாய்த்தூளைத் தாராளமாகத் தூவி, பாதியைப் பிய்த்து அவருக்கே திருப்பித் தந்தார். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றும் இல்லை. சோளம் தீர்ந்தபோது நான் எழுந்திருப்பதற்குள் அம்மா பேத்தியிடம் எந்தப் பொத்தான் என்று கேட்டுக்கொண்டு, மேசை மணியைத் தானே அழுத்தினார்.

டப்பா அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது.